அடுக்களையில் ஒளித்த ஏடு

சரித்திர பாடம் நடத்தும்போது ஆண்டுகளை வரிசையாகக் கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். 1817இல் கல்கத்தாவில் இந்துக் கல்லூரி தோன்றியது. 1829இல் உடன்கட்டையேறும் வழக்கம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1835இல் ஆங்கிலக் கல்விக்கே அரசாங்கப் பணம் என்று முடிவாயிற்று. 1856இல் விதவை மறுமணச் சட்டம் பிறந்தது. மாணவர் இவற்றை மனனஞ் செய்து புள்ளிகளும் பெறுகின்றனர். ஆயின், அந்நாளில் ஒரு வீட்டின் அடுக்களையில் என்ன நிகழ்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. நானும் நெடுங்காலம் கேட்டதில்லை. கேட்கத் தூண்டியது ராஸசுந்தரி தேவி என்னும் வங்கப் பெண்மணியின் வரலாறு.

1810ஆம் ஆண்டையொட்டி, இன்று பங்களாதேஷில் அடங்கும் பாப்னாப் பகுதியில் அவர் பிறந்தார். 12 வயதில் மணமுடித்து அயலூர் சென்றார். 18 வயதில் தலைப்பிள்ளை. 41 வயதில் கடைப்பிள்ளை. ஆக 12 பிள்ளைகள். பெரிய குடும்பத்தின் சமையலும் அவர் பொறுப்பே. எல்லாரையும் உண்பித்துத் தாம் பட்டினி கிடந்த நாள்களும் உண்டு. தாயார் மரணப்படுக்கையில் இருந்தபோது சென்று காண இயலவில்லை. கணவரின் குதிரை முற்றத்தில் நின்றால், அதன் முன் தோன்றவும் நாணி உள்ளே ஒதுங்கினாராம். நமக்கு நகைப்பு வருகிறது. ஆனால் அந்நாணம் அவருக்கு ஊட்டப்பட்டது.

படித்த பெண் கைம்பெண் ஆவாள் என்று ஊரார் நம்பிய காலம் அது. ராஸசுந்தரியின் மனமோ சைதன்ய பாகவதத்தைத் தாமே ஓதவேண்டுமென்று ஏங்கியது. ஒருநாள் அந்நூல் வீட்டில் இருப்பதைக் கண்டார். அதில் ஓர் ஏட்டை உருவி அடுக்களையில் மறைத்தார். மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். சிறுமியாய் இருந்தபோது ஆண்பிள்ளைகள் படிக்க, அருகிருந்து கேட்ட ஒலிகள் நினைவில் இருந்தன. அவ்வொலியை ஓலையின் எழுத்தோடும், அவ்வெழுத்தை ஏட்டின் சொல்லோடும் பொருத்திப் பார்த்தார். அடுப்பில் உலை கொதிக்க, ஆளரவம் கேட்டால் ஏட்டை ஒளித்து, இவ்வாறே மெல்ல மெல்ல வாசிக்கக் கற்றார். அப்போது அவருக்கு வயது 25 அளவில் இருக்கும். 1849இல் பெத்தூன் கல்கத்தாவில் பெண்களுக்குப் பாடசாலை திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இது நடந்தது.

எழுதக் கற்றது பின்னர்தான். வெளியூரில் படித்த மகன், தன் கடிதங்களுக்குத் தாய் பதில் எழுதவில்லையே என்று குறைப்பட்டுத் தாளும் பேனாவும் கொடுத்தான். கணவர் மறைந்தபின் ராஸசுந்தரி தம் வாழ்வை எழுதினார். ‘ஆமார் ஜீபன்’, அதாவது ‘என் வாழ்க்கை’ என்னும் அந்நூலை வங்கமொழியின் முதல் தன்வரலாறாக அறிஞர் போற்றுகின்றனர்.

இப்போதெல்லாம் 1835 என்று எழுதியதும் சற்று நிறுத்தி இக்கதையைச் சொல்கிறேன். அண்மையில் மாணவன் ஒருவன் எழுந்து, “பிடிபட்டிருந்தால் என்ன ஐயா நடந்திருக்கும்?” என்றான். கணவரின் சகோதரிகள் ஒருநாள் அறிந்துகொண்டனர், ஆனால் வெகுளவில்லை, தமக்கும் கற்பிக்கும்படி வேண்டினர் என்றேன்.

வகுப்பு சிறிது நேரம் மௌனமாய் இருந்தது. அன்று எவரும் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளக் கேட்கவில்லை.