மார்க் மெஷினுக்கா, கண்ணுக்கா?

'எங்கள் மெஷின் 95 சதவீதம் துல்லியம்' என்று யாராவது சொன்னால் அசந்துவிடாதீர்கள். 'யார் பார்த்தபோது?' என்று கேளுங்கள். மேமோகிராம் மெஷின் படம்தான் எடுக்கும். மார்பகப் புற்றுநோய் இருக்கா, இல்லையா என்று சொல்வது படத்தைப் பார்க்கிற டாக்டர்.

அமெரிக்காவில் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், 79 பெண்களின் படங்களை 108 டாக்டர்களிடம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அதே படங்கள். இருந்த புற்றுநோய் அத்தனையையும் பிடித்தவரும் உண்டு. 47 சதவீதம் மட்டுமே பிடித்தவரும் உண்டு. இதில் யார் வாங்கிய மார்க்கை மெஷினுக்குப் போடுவது?

அதனால்தான் புள்ளியியல்காரர்கள் கறாராகச் சொல்கிறார்கள்: ஒரு டாக்டர் போதாது, பல பேர் வேண்டும். அதே படங்களைப் புதுக் கருவியோடும் பார்க்கணும், இல்லாமலும் பார்க்கணும். டாக்டருக்கு டாக்டர் மாறுவதையும், நோயாளிக்கு நோயாளி மாறுவதையும் கழித்த பிறகும் லாபம் நின்றால்தான் பாஸ்.

அப்புறமும் ஒரு சிக்கல். பரீட்சைக்குப் புற்றுநோய்ப் படங்களை வேண்டுமென்றே நிறையக் கலந்து வைப்பார்கள். நிஜப் பரிசோதனையில் ஆயிரம் பெண்களில் ஒரு சிலருக்குத்தான் இருக்கும். தேடுகிற கண் இரண்டு இடத்திலும் ஒன்றாகவா இருக்கும்?

சந்தேகமான இடத்தில் குறி போட்டுக் காட்டும் கம்ப்யூட்டருக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1998-ல் அனுமதி கொடுத்தது. அரசு இன்சூரன்ஸும் தனியாகக் காசு கொடுத்தது. ஆஸ்பத்திரிகள் வாங்கிக் குவித்தன. 2007-ல் வந்த ஆய்வு, கருவி வந்த இடங்களில் வீண் பயமும் பயாப்ஸியும்தான் கூடின என்றது. 2015-ல், 271 டாக்டர்கள் பார்த்த ஆறேகால் லட்சம் படங்களை அலசினார்கள். கம்ப்யூட்டரால் கூடுதலாக ஒன்றும் பிடிபடவில்லை. செலவு? வருஷத்துக்கு 40 கோடி டாலருக்கு மேல். ஊசி குத்திச் சதை எடுத்து, 'ஒண்ணும் இல்லை, போங்கம்மா' என்று அனுப்பப்பட்ட பெண்களுக்கு யார் பதில் சொல்வது?

'அது பழைய கதை, இப்ப ஏ.ஐ. சார்!' என்பார்கள். சரி. ஸ்வீடனில் 80 ஆயிரம் பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஏ.ஐ. உதவியால் கண்டுபிடிப்பு குறையவில்லை, டாக்டர்களின் வேலை 44 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் கணக்குக் காட்டினார்கள். சபாஷ். ஆனால் அது அந்த ஒரு சாஃப்ட்வேர் பரீட்சை எழுதி வாங்கிய மார்க். அடுத்த கம்பெனிக்காரர் அதைக் காட்டித் தன் சரக்கை விற்க வந்தால், 'உங்க மார்க் ஷீட் எங்கே?' என்று கேளுங்கள். எத்தனை டாக்டர், எத்தனை நோயாளி, கருவி இல்லாமல் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் விளம்பரம்.