வயிறு நிறைந்தவர்களுக்கு என்ன அழுகை என்று கேட்கிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'செண்டிமெண்டல் வேல்யூ' என்ற நார்வே படத்தைப் பார்க்கச் சொல்லி எழுதினேன். அண்ணன் மகன் உடனே பதில் போட்டான்: "அத்தை, அந்த ஊர்ல படிப்பு, வைத்தியம் எல்லாம் அரசாங்கமே பாத்துக்குது. கவலைப்பட ஒண்ணும் இல்லாம உக்காந்து அழறாங்க. குடும்பம்னா என்னன்னே தெரியாதவங்க." அதற்குப் பதினான்கு பேர் கைதட்டல். அதில் இரண்டு பேர் என் வகுப்பிலேயே படித்த பிள்ளைகள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விசாரித்தால், படத்தை அவன் இருபது நிமிடம்தான் பார்த்திருக்கிறான்!

யோவாகிம் ட்ரியர் எடுத்த படம். 2025-ல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கியது. குடும்பத்தை விட்டுப் போன அப்பா, சினிமா இயக்குநர், அம்மா இறந்த பிறகு ஆஸ்லோவில் இருக்கும் பழைய வீட்டுக்கு வருகிறார். மூத்த மகள் நாடக நடிகை. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர், அவளுக்காக ஒரு கதை எழுதிக் கொண்டுவந்து நீட்டுகிறார். அவள் படிக்கவே மறுக்கிறாள். இந்த அப்பாவின் அம்மா, ஜெர்மானியர்கள் நார்வேயைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் சித்திரவதைக்கு ஆளானவர்; பிறகு அதே வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டவர். அப்போது இவர் சின்னப் பையன். மூன்று தலைமுறை ஒரே வீட்டுக்குள் கிடந்து புழுங்குகிற கதை இது. இவர்களுக்கா குடும்பம் தெரியாது? கடைசிப் பகுதியில் அக்காவும் தங்கையும் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிற இடத்தைப் பாருங்கள். உனக்கு மட்டும் எப்படிப் பாதிப்பு இல்லாமல் போனது என்று அக்கா கேட்கிறாள். எனக்கு நீ இருந்தாய் என்கிறாள் தங்கை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

சோற்றுக் கவலை தீர்ந்தால் மனக்கசப்பும் தீரும் என்று யார் சொன்னது? கடன்காரன் வாசலில் நிற்கும்போது அப்பாவிடம் ஏன் பேசவில்லை என்று யோசிக்க நேரமிருக்காது, அவ்வளவுதான். கடன் அடைந்த பிறகும் அந்தப் பேச்சு பாக்கி இருக்கும்.

இன்னொரு படம் 'அர்மாண்ட்'. எடுத்தவர் இங்மார் பெர்க்மன், லிவ் உல்மன் இருவரின் பேரன். கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள். ஆறு வயதுப் பையன் இன்னொரு பையனிடம் தவறாக நடந்துகொண்டான் என்று புகார். பெற்றோரை அழைத்துப் பேசுகிறார்கள். இளம் ஆசிரியைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலைமை ஆசிரியருக்குப் பள்ளியின் பெயர் கெடக்கூடாது. அந்த ஆறு வயதுக் குழந்தையை மட்டும் அங்கே யாரும் உட்காரவைத்துக் கேட்பதில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருடத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பேனா காணாமல் போனது. ஒரு பையன் மீது சந்தேகம். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அம்மாவை வரச்சொல்லி வராந்தாவில் நிற்கவைத்துப் பேசினேன். கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். நான்கு நாள் கழித்து அந்தப் பேனா வேறொரு பையனின் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது. அந்த அம்மாவை மறுபடி அழைத்து, தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியலுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான்.

எல்லாப் படத்தையும் தலையில் வைத்து ஆடவில்லை. இதே ட்ரியரின் 'தி வொர்ஸ்ட் பெர்சன் இன் தி வேர்ல்ட்' படத்தில், மருத்துவம், உளவியல், புகைப்படம் என்று தாவிக்கொண்டே இருக்கும் ஜூலி மேல் எனக்கும் எரிச்சல் வந்தது. இரண்டு தட்டுத் தட்டி உட்காரவைக்கலாம் போல இருந்தது. ஆனால் முழுதும் பார்த்துவிட்டுத்தான் எரிச்சல்பட்டேன்.

மருமகனே, படம் இரண்டேகால் மணி நேரம்தான். ஓட்டி ஓட்டிப் பார்க்காதே. பொங்கலுக்கு வரும்போது சண்டை போடலாம், அத்தை தயார். கைதட்டிய பதினான்கு பேரும் வரலாம்.