கூட்டுவது அன்று, அளவில் நிறுத்துவதே நலம்

நோயாளிகளுடன் வரும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "எதிர்ப்புச் சக்தி கூடுவதற்கு என்ன கொடுக்கலாம்?" அன்பினால் எழும் கேள்வி அது. எனினும், முடக்குவாதம், சொரியாசிஸ் போன்ற அழற்சி நோய்களால் வருந்துவோரின் வீட்டில் இக்கேள்வி தவறான வழிக்கே கொண்டுசெல்கிறது என்பது எங்கள் கருத்து.

கிருமி புகுந்தவுடன் முதலில் எழும் காவல், பிறவியிலேயே நம் உடலில் அமைந்தது. அது கிருமியை எவ்வாறு இனங்காண்கிறது என்பதைக் கண்டறிந்த புரூஸ் பாய்ட்லர், ஜூல் ஹோஃப்மன் ஆகிய இருவருக்கும் 2011-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் ஒரு பாதி வழங்கப்பட்டது.

ஆனால் அக்காவல் கிருமிக்கு எதிராக மட்டும் எழுவதில்லை. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டில் ஊசிபோன்ற படிகங்களாகப் படியும்போது, வெள்ளணுக்கள் அவற்றையும் பகையெனக் கொண்டு, இன்டர்லூகின்-1 என்னும் அழற்சிப் பொருளை வெளியிடுகின்றன. இது நிகழும் விதத்தை 2006-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் விளக்கினர். நள்ளிரவில் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் துடிக்கவைக்கும் வலி அவ்வாறு பிறப்பதே. அங்கே கிருமியும் இல்லை. எதிர்ப்பாற்றலில் குறைவும் இல்லை. காவலின் மிகையே வலியாகிறது.

திருவட்டாற்று மக்களுக்கு இது விளங்காததன்று. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் தீ குறைந்தால் ஷீட்டில் பூஞ்சை பிடிக்கும். மிகுந்தால் ஷீட் கெடும், புரையும் எரியக்கூடும். தீயை அளவில் வைத்திருப்பவரே தொழில் அறிந்தவர்.

அளவு தவறினால் நேர்வதைக் கோவிட் காலத்தில் இருபுறமும் கண்டோம். 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதோர்க்கு அதனால் பயன் விளையவில்லை. அத்தகைய ஸ்டீராய்டுகளைத் தேவையின்றியும் அளவு மீறியும் பயன்படுத்தியது, சர்க்கரை நோயோடு சேர்ந்து, 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் பெருகக் காரணங்களுள் ஒன்றாயிற்று.

மறுபுறம், எதிர்ப்பாற்றலைக் கூட்டும் எண்ணத்தில் சீந்தில் உட்கொண்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டனர். பின்னர் 13 மருத்துவ மையங்கள் இணைந்து 43 பேரைப் பற்றி எழுதின. பலரிடம் உடலின் காவலே கல்லீரலைத் தாக்கும் நோயின் சாயல் காணப்பட்டது. வேறு கொடியைச் சீந்திலாகக் கருதியிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சீந்திலை நாங்கள் பழிக்கவில்லை. நம் நாட்டு வைத்தியத்தில் அதற்கு நெடுங்கால மதிப்புண்டு. தேர்ந்த வைத்தியர் நோயறிந்து அளவோடு கொடுப்பது வேறு. விளம்பரம் கண்டு மாதக்கணக்கில் தாமே உட்கொள்வது வேறு.

ஆதலால் சிலவற்றை வேண்டுகிறோம். பழைய சீட்டைக் காட்டி ஸ்டீராய்டு மாத்திரை வாங்காதீர்கள். நெடுநாள் உட்கொண்டுவரும் ஸ்டீராய்டை வலி நின்றதென்று திடீரென நிறுத்தாதீர்கள்; அது உயிருக்கே ஆபத்தாகலாம். லேகியம், பொடி, கஷாயம் எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அழற்சியை அடக்கும் மருந்து உண்போருக்குக் காய்ச்சல் கண்டால், வீட்டில் காத்திராமல் உடனே வாருங்கள்.

எங்கள் பக்கமும் குறையுண்டு. சீட்டு எழுதும் விரைவில், மருந்து எதை அடக்குகிறது, எத்தனை நாள் வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். சொல்லாத இடத்தை விளம்பரம் நிரப்பிவிடுகிறது. ஆகவே அடுத்த முறை வரும்போது, "எதிர்ப்புச் சக்தி கூட என்ன கொடுக்கலாம்?" என்பதற்கு மாறாக, "இப்போது அது அளவில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அமர்ந்து விடை சொல்வது எங்கள் கடமை.