நைரோபியில் ஒரே ஒரு ராத்திரி

டூர் கம்பெனிகள் அச்சடித்துக் கொடுக்கும் கென்யா பயணத் திட்டத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். முதல் நாள்: நைரோபி வந்து சேருதல், ஓட்டலில் ஓய்வு. இரண்டாம் நாள், விடிந்தும் விடியாமலும் மசாய் மாராவுக்குக் கிளம்பல். கடைசி நாள்: நைரோபி திரும்புதல், விமான நிலையம். முடிந்தது. 40 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஒரு தலைநகரம், பல் தேய்த்துவிட்டுக் கிளம்புகிற இடமாகச் சுருங்கிவிட்டது.

கேட்டால், "அங்க என்னங்க இருக்கு, டிராபிக்கும் திருட்டும்தானே?" என்பார்கள். போய்ப் பார்க்காமலே எப்படித் தெரிந்ததோ.

சரி, ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிற புண்ணியவான்களாவது என்ன செய்கிறார்கள்? காலை 11 மணிக்கு, தாயை இழந்த யானைக்குட்டிகள் பால் குடிப்பதைப் பார்க்கிறார்கள். பிறகு ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி ஊட்டி போட்டோ எடுக்கிறார்கள். அதன்பின், காப்பித் தோட்டம் வைத்திருந்த டென்மார்க் எழுத்தாளர் காரென் பிளிக்சனின் வீடு. ஆக, இரண்டு மிருகம், ஒரு வெள்ளைக்கார அம்மாள். டிரைவரைத் தவிர நைரோபிக்காரர் ஒருவர்கூட இந்தப் பட்டியலில் இல்லை! (யானைக்குட்டி மேல் யாருக்கும் கோபமில்லை. அது என்ன செய்யும், பாவம்.)

2022இல் இதற்கு வசதியாக ஒரு மேம்பாலச் சாலையும் வந்துவிட்டது. விமான நிலையம் வழியாக வெஸ்ட்லேண்ட்ஸ் வரை போகும் 27 கி.மீ. சாலை. சுங்கம் கட்டினால் நகரத்தின் தலைக்கு மேலேயே போய்விடலாம். போகிற வழியில் கீழே ஒரு பூங்கா தெரியும். உஹுரு பூங்கா. உஹுரு என்றால் ஸ்வாஹிலியில் சுதந்திரம். கார் அதைக் கடக்க ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்தில் தவறிப்போவது இதுதான்.

1989இல் அந்தப் பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்ப ஆளுங்கட்சி திட்டம் போட்டது. வங்காரி மாத்தாய் என்ற பெண்மணி எதிர்த்துக் கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதினார். நாடாளுமன்றத்திலேயே அவரைக் கேலி செய்தார்கள். அவர் விடவில்லை. கடைசியில் பணம் போட வந்தவர்கள் பின்வாங்கினார்கள், கட்டடம் வரவில்லை, பூங்கா இருக்கிறது. 2004இல் அவருக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் நாடாளுமன்றம். 2024 ஜூன் 25 அன்று கல்லூரி வயசுப் பிள்ளைகள் அதற்குள் புகுந்தார்கள். காரணம், ஒரு நிதி மசோதா. ரொட்டிக்கு 16% வாட் என்று ஆரம்பித்த மசோதா அது. ரொட்டி வரியை அரசு முன்னாலேயே கைவிட்டும் கோபம் அடங்கவில்லை. நிதி மசோதா என்றாலே பி.காம். வகுப்பில் பாதிப் பேருக்குக் கொட்டாவி வரும். அங்கே அதே வயசுக்காரர்கள் அதை உள்ளூர் மொழிகளில் விளக்கி வீடியோ போட்டுக் கூட்டம் சேர்த்தார்கள். போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. மறுநாளே ஜனாதிபதி ரூட்டோ மசோதாவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அறிவித்தார். சிங்கம் மானை அடிப்பதைப் பார்க்க ஆறு மணி நேரம் குலுங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு இதில் சுவாரசியம் இல்லையாம்.

சிங்கம்தான் வேண்டுமா? ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகலாமே. 1900இல் கிமா என்ற ஸ்டேஷனில், ஆட்கொல்லிச் சிங்கத்தைச் சுட வந்த போலீஸ் அதிகாரி ரயாலை அதே சிங்கம் வண்டிக்குள் புகுந்து இழுத்துப் போனது. அந்த ரயில் பெட்டி அங்கே நிற்கிறது. நைரோபியே 1899இல் ஒரு ரயில் முகாமாகத்தான் பிறந்தது. தண்டவாளம் போட இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுபோன கூலிகள் 30,000 பேருக்கு மேல். சுமார் 2,500 பேர் திரும்பவே இல்லை, அங்கேயே செத்துப்போனார்கள். ஸ்வாஹிலியில் 'சாய்', 'சப்பாத்தி' என்ற சொற்கள் வெறுமனே வந்துவிடவில்லை. ஆசிய வம்சாவளியினரை 2017இல் கென்ய அரசு தன் நாட்டின் 44ஆவது இனமாக அங்கீகரித்தது. இந்தியாவிலிருந்து போகிற கூட்டமோ ஓட்டல் பஃபேயில் பனீர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறது.

பயம் பொய்யில்லை. பிக்பாக்கெட் உண்டு. 1998இல் அமெரிக்கத் தூதரகத்தில் வெடித்த குண்டுக்கு நைரோபியில் மட்டும் 213 பேர் பலியானார்கள். 2013இல் வெஸ்ட்கேட் மாலில் தாக்குதல் நடந்தது. ஆனால் செல்போனை உள்ளே வைத்துக்கொண்டு பகலில் நடக்கலாம், ராத்திரி டாக்ஸி பிடிக்கலாம். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இன்னொரு கோஷ்டி உண்டு. 'நிஜ நைரோபி' பார்க்கிறேன் என்று கிபேரா குடிசைப் பகுதிக்குள் கேமராவோடு நுழைந்து, கேட்காமலே குழந்தைகளைப் படம் எடுக்கும். அதுவும் சஃபாரிதான், ஜீப் மட்டும் இல்லை. இவர்களுக்கு முதல் கோஷ்டியே தேவலை.

பணக்கணக்குக்கு வருவோம். பேக்கேஜ் பணம் ஊரிலேயே கட்டியாகிவிடுகிறது. ஏஜென்ட், விமானம், லாட்ஜ் என்று பிரிந்துபோன பிறகு, நைரோபி டீக்கடைக்காரருக்கோ புத்தகக் கடைக்காரருக்கோ அதில் என்ன சேரும்? மசாய் மாராவில் ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் நாளொன்றுக்கு 200 டாலர். 2024இலிருந்து இதுதான் ரேட். அதை வாய் திறக்காமல் கட்டுகிறவர்கள், ஊருக்குள் பாட்டு அலற ஓடும் மட்டாட்டு வேனில் என்றைக்காவது ஏறினால், கண்டக்டர் கேட்கும் 100 ஷில்லிங்குக்குப் பேரம் பேசுவார்கள்.