நல்லாத்தான் இருக்கேன் மாமா

போன வாரம் டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "துபாய்க்குப் போன பய, மூணு மாசத்துல திரும்பி வந்துட்டான். உடம்பு வணங்கலை, வேறென்ன?" கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான்.

நம் பக்கத்துக்கு வெளிநாடு புதிதல்ல. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும், வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ ஆள் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். பாஸ்போர்ட், மெடிக்கல், விசா, ஏஜெண்டுக்குக் கொடுக்க வட்டிக்குக் கடன் என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஆள் உண்டு. போய் இறங்கிய பின் மனசு என்ன பாடுபடும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

என் தங்கை மகன் ஷார்ஜாவுக்குப் போனான். இருபதாம் நாள் ராத்திரி எனக்குப் போன். "மாமா, இங்க என்னால இருக்க முடியல மாமா" என்றான். நான் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "ஊர்ல இருந்து போனவன் எல்லாம் இருக்கான்ல? கடன் இருக்குடா, பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு." அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன் மாமா" என்பான். ஐந்தாம் மாதம் திருச்சி விமான நிலையத்தில் பாதி ஆளாக வந்து இறங்கினான். தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. அறையில் கூட இருந்த ஏழு பேரில் ஒருவர்கூடத் தமிழ் பேசுபவர் இல்லை என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நான் கேட்டதெல்லாம் "சம்பளம் வந்துச்சா?" என்பது மட்டும்தான்.

இத்தனைக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பள்ளியில் சேர்ந்த புதிதில் வாத்தியார் பேசுவது ஒன்றும் புரியாது. தண்ணீர் கேட்கக்கூட வாயில் வார்த்தை வராது. தினமும் காலையில் வயிற்றுவலி. வீட்டில் நடிப்பு என்றார்கள். வலி நிஜம். பின்னால் அந்தப் பாஷையிலேயே அதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது: 'மால் து பெய்யி', அதாவது ஊர் நோய். (தமிழிலும் மால் என்றால் மயக்கம் என்று ஒரு பொருள் உண்டு. பொருத்தம்தான்!) 1688லேயே ஸ்விட்சர்லாந்தில் யோகான்னஸ் ஹோஃபர் என்பவர் இதை ஒரு நோயாகவே வைத்து மருத்துவ ஆய்வு எழுதினார். பெர்னிலிருந்து பாசலுக்குப் படிக்கப் போன ஒரு மாணவன் சாகக் கிடந்ததையும், ஊருக்குத் திரும்பும் வழியிலேயே தேறியதையும் அதில் சொல்கிறார். 'நோஸ்டால்ஜியா' என்ற சொல்லே அவர் உண்டாக்கியதுதான்.

என் கட்சி இதுதான். போனவனுக்கு வரும் மனச்சுமையில் பாதி நாம் இங்கிருந்து ஏற்றுவது. வட்டிக்காரர் வந்துபோனதையும் மாமியார் மருமகள் சண்டையையும் அன்றைக்கன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். அவனால் அங்கிருந்து என்ன செய்ய முடியும்? இன்னொன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். நம் நேரப்படி அது 2 மணி முதல் 4.30. அதாவது நம் வீட்டில் சாப்பிட்டு முடித்து, சாவகாசமாகப் போன் போடும் நேரம்! அந்தப் பிள்ளை கண்ணயர்வது அப்போது மட்டும்தான்.

போகிறவனும் சிலதைச் செய்யலாம். கிளம்பும் முன்பே நூறு வார்த்தை இந்தி கற்றுக்கொண்டால் வளைகுடாவில் அறைக்காரர்களோடு பேசவாவது முடியும். சிங்கப்பூர் என்றால் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் போனால் நம் ஆட்கள் நிறையப் பேர் கண்ணில் படுவார்கள். அறையிலேயே போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் சம்பளம் தரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார்கள் என்றால் அது ஊர் ஏக்கம் அல்ல. இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டிய விவகாரம் அது. அதையும் "பொறுத்துக்கோ" என்று சொல்லிவிடாதீர்கள். திரும்பி வந்தவன் தூங்காமல் கிடந்தால் டெலிமனாஸ் 14416க்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு இல்லை. அன்று எங்களுக்கு இது தெரியாது. இரண்டு மாதம் அவனை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம், யாராவது கேட்டுவிடுவார்களோ என்று.

நானும் பெரிய தைரியசாலி இல்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு மாறுதல் வந்தபோது, முப்பது சொச்சம் கிலோமீட்டருக்கு, ஒரு வாரம் தூங்கவில்லை. என் வீட்டு அம்மா இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

தங்கை மகன் அடுத்த மாதம் சிங்கப்பூர் போகிறான். போன தடவை கேட்காததை இந்தத் தடவை கேட்டேன். அறையில் எத்தனை பேர், தமிழ் ஆள் உண்டா, சமையல் யார்? "அதெல்லாம் அங்க போய்த்தான் மாமா தெரியும்" என்றான். ஞாயிறு சாயங்காலம் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறேன். நம்பினானா தெரியவில்லை.