அந்த ஐம்பது காசு யார் பையில்?



காரைக்குடிப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "அமெரிக்காக்காரனே ஒரு சென்ட் காசு அடிப்பதை நிறுத்திவிட்டானாம். நம் அரசாங்கம் எட்டணாவை எப்போது நிறுத்தும்? என் கல்லாவில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கிடக்கிறது. கொடுத்தால் வாங்க ஆளில்லை, தூக்கிப் போடவும் மனசில்லை. பணமாச்சே!" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் அதைப் பற்றியே பேசிவிடலாம்.

அமெரிக்கச் சேதி உண்மைதான். 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட் காசை அடித்தார்கள். 1793 முதல் அடித்து வந்த காசு அது. ஒரு சென்ட்டைச் செய்ய 3.69 சென்ட் செலவாகிறது என்று அந்தச் சாலையின் 2024 கணக்கு சொன்னது. நிறுத்தியதில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை. ஆனால் காசு தீர்ந்துபோனால் கடையில் கணக்கை எப்படி முடிப்பது என்று அவர்களுடைய நாடாளுமன்றம் விதி எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. சில கடைகள் வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுத்தன, சில கடைகள் 'சரியான சில்லறை கொடுக்கவும்' என்று பலகை மாட்டின. பணக்கார நாடாக இருந்தாலும் சில்லறைத் தகராறு சில்லறைத் தகராறுதான்.

பக்கத்து நாடான கனடா இதை முன்பே, ஒழுங்காகச் செய்திருந்தது. வின்னிபெக் நகரில் 2012 மே 4-ல் கடைசி சென்ட்டை அடித்தார்கள். 2013 பிப்ரவரி 4 முதல் வங்கிகளுக்குக் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். கூடவே கடைக்காரர்களுக்கு ஒரு வழிமுறையும் சொன்னார்கள். பொருளுக்குப் பொருள் கை வைக்காதே, வரியெல்லாம் சேர்த்த மொத்தத் தொகையை மட்டும் ஐந்தின் மடங்குக்குக் கொண்டுவா. தொகை 1, 2, 6, 7 என்று முடிந்தால் கீழே இறக்கு. 3, 4, 8, 9 என்று முடிந்தால் மேலே ஏற்று. அதுவும் ரொக்கத்துக்கு மட்டும்தான். கார்டில் கொடுப்பவரிடம் ஒரு சென்ட்கூடப் பிசகக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு.

நாம் என்ன செய்தோம்? 2011 ஜூன் 30 முதல் இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாது என்று அறிவித்தோம். அறிவிப்பு வந்தபோது அவை கடைத்தெருவை விட்டுப் போய் வருஷக்கணக்காகியிருந்தது. தப்பித்தது ஐம்பது காசு மட்டும். அது இன்றைக்கும் சட்டப்படி செல்லும். 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி ஒரு தடவைக்குப் பத்து ரூபாய் வரை ஐம்பது காசுகளாகவே கொடுக்கலாம். கொடுத்துப் பாருங்கள். கடைக்காரர் காசைப் பார்க்கமாட்டார், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

சின்னக் காசை ஒழிக்க வேண்டும் என்பவர்கள் முதலில் எடுத்து வீசுவது செலவுக் கணக்கைத்தான். 2018-ல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, ஒரு ரூபாய்க் காசு ஒன்றைச் செய்ய 1 ரூபாய் 11 காசு ஆகிறது என்று பதில் வந்தது. இரண்டு ரூபாய்க்கு 1.28, ஐந்துக்கு 3.69, பத்துக்கு 5.54. ஒரு ரூபாயில் பதினோரு காசு நஷ்டம் என்று பலர் கொதித்தார்கள். எனக்குக் கொதிப்பு வரவில்லை. காசு ஒரு தடவை விற்றுத் தீர்ந்துபோகிற சரக்கில்லை. இருபது, முப்பது வருஷம் கை மாறிக்கொண்டே இருந்தால் அந்தப் பதினோரு காசு என்ன பெரிய நஷ்டம்? கை மாறுவது நின்றுபோனால்தான் வம்பு. ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போன காசுக்குப் பதிலாக இன்னொரு காசு அடிக்க வேண்டும், அதுவும் இன்னொரு பாட்டிலுக்குப் போகும்.

உலோகத்தின் விலை காசின் விலையைத் தாண்டுவது நமக்குப் புதுசும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது உலோகத் தட்டுப்பாடு வந்து, 1943-லிருந்து நடுவில் துளை போட்டு அடித்தார்கள் ஓட்டைக் காலணாவை. அறுபதுகளில் ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா எல்லாம் ஊதினால் பறக்கிற அலுமினியமாயின. 1988 முதல் எவர்சில்வர் வந்தது. கனமான பழைய ஐந்து ரூபாய்க் காசை எல்லை தாண்டிக் கடத்தி, வங்காளதேசத்தில் சவர பிளேடு செய்கிறார்கள் என்றுகூட ஒரு காலத்தில் செய்திகள் வந்தன. காசை உருக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று சட்டத்தில் எழுதி வைத்திருப்பது சும்மா இல்லை.

ஆகவே செலவுக் கணக்கை நாணயச் சாலை அதிகாரிகள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது வேறு. காசு காணாமல் போனால் அந்தக் காசு யார் பைக்குப் போகிறது?

பால் விலையைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 43 ரூபாய் ஆனது. 2021 மே மாதம் மூன்று ரூபாய் குறைக்கும்வரை அதே விலைதான். லிட்டர் 43 என்றால் அரை லிட்டர் 21 ரூபாய் 50 காசு. காலையில் இரண்டு பாக்கெட் வாங்குகிற வீட்டுக்குத் தொல்லையே இல்லை, 43 ரூபாயை எண்ணி வைத்துவிட்டு வரலாம். ஒரே ஒரு பாக்கெட் வாங்குகிற வீட்டுக்கு? 22 ரூபாய் கொடுத்தால் மீதி வராது. "அம்பது காசுக்கு எங்கம்மா போறது?" என்பார் கடைக்காரர். அவரைக் குறை சொல்ல முடியாது. பால் பாக்கெட்டில் அவருக்குக் கிடைப்பதே காசுக் கணக்கில்தான். வங்கியும் அவருக்கு ஐம்பது காசு கொடுப்பதில்லை. ஆனாலும் மாதம் முப்பது நாளைக்குப் பதினைந்து ரூபாய். அதைக் கட்டுவது ஒரு பாக்கெட் வீடு, இரண்டு பாக்கெட் வீடு அல்ல.

ரேஷன் கடையிலும் இதே கதைதான். 2017 வரை நம் ரேஷன் சர்க்கரை கிலோ 13 ரூபாய் 50 காசு. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு கிலோ, 27 ரூபாய், கச்சிதம். தனியாக இருக்கும் பாட்டிக்கு அரை கிலோ, 6 ரூபாய் 75 காசு. பாட்டி ஏழு ரூபாய் கொடுத்துவிட்டு வருவார். அந்த ஆண்டு நவம்பரில் கிலோ 25 ரூபாயாக்கினார்கள். முழு ரூபாய், இனிச் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தால், பாட்டியின் அரை கிலோ 12 ரூபாய் 50 காசு! விலை போடுகிற மேசையில் கிலோவைத்தான் பார்க்கிறார்கள், அரை கிலோவை யாரும் பார்ப்பதில்லை. மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு ரவுண்டாக்கல் ஒரு நாள் லாபம், ஒரு நாள் நஷ்டம் என்று சரியாகப் போய்விடும். தினமும் ஒரே பொருளை ஒரே அளவில் வாங்குகிறவருக்குத் தினமும் ஒரே பக்கம்தான் சாயும்.

பெரிய கடைகளில் பில்லின் கடைசியில் 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரி இருக்கும், கவனித்திருப்பீர்கள். ஒரு நாள் கூட்டல் 0.40, ஒரு நாள் கழித்தல் 0.30. கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் அது நேர்மையான ஏற்பாடு. அரசாங்கமும் தன் விஷயத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-வது பிரிவு வரியை முழு ரூபாயாக்கச் சொல்கிறது: ஐம்பது காசோ அதற்கு மேலோ என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் தள்ளுபடி. வருமான வரியைப் பத்தின் மடங்குக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆனால் பில்லே போடாத பெட்டிக்கடைக்கும், பாட்டியின் சர்க்கரைக்கும் விதி கிடையாது. அங்கே விதி, சில்லறைக்குப் பதிலாக நீட்டுகிற ஒரு ஹால்ஸ் மிட்டாய்.

இன்னொரு வேடிக்கை. ஐம்பது காசு கையில் இல்லாத நாட்டில் 2025 ஜூலையில் ரயில் கட்டணத்தை ஏற்றினார்கள். சாதாரண இரண்டாம் வகுப்பில் 500 கிலோமீட்டருக்கு மேலே போனால் கிலோமீட்டருக்கு எவ்வளவு தெரியுமா? அரை பைசா!

"அதான் ஜிபே வந்துவிட்டதே, 21.50 என்று அடித்தால் போகிறது" என்பார்கள் இளைய வாசகர்கள். 2023 ஆகஸ்டிலிருந்து யு.பி.ஐ.யில் மாதம் ஆயிரம் கோடிப் பரிமாற்றங்களுக்கு மேல் நடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் கடையில் நின்று பாருங்கள். "இருபத்திரண்டு போட்டுடுங்கண்ணே" என்று கடைக்காரர் சொல்வார், அண்ணனும் போட்டுவிடுவார். கனடாவில் ரொக்கத்துக்கு மட்டும் என்று சொன்ன ரவுண்டாக்கல் நம்மூரில் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. பழக்கம்!

என் கட்சி இதுதான். ஐம்பது காசைத் தேதி குறித்து, வங்கியில் மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்து, மரியாதையாக வழியனுப்பிவிடலாம். அதே அறிவிப்பில் ஒரு விதியும் வர வேண்டும். ரவுண்டாக்குவது மொத்தத் தொகையில், ரொக்கத்துக்கு மட்டும். சரியாக ஐம்பது காசில் நின்றால் வாங்குகிறவர் பக்கம் இறங்கட்டும், ஏனென்றால் விலை வைப்பவர் அவரில்லை. அரசு விலை வைக்கும் பாலும் சர்க்கரையும் எந்த அளவில் விற்கப்படுகிறதோ, அந்த மிகச் சிறிய அளவுக்கே முழு ரூபாயில் விலை வைக்க வேண்டும். கிலோ 24 அல்லது 26 என்று வைத்துவிட்டால் பாட்டிக்குத் தகராறு இல்லை. இருபத்தாறு என்று வைத்தால் சண்டைக்கு வராதீர்கள், இருபத்து நாலு என்பதே என் விருப்பம்.

ஒரு ரூபாயை நிறுத்தலாமா என்றும் சிலர் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கூடாது. அது போனால் அடுத்த படி இரண்டு, பிறகு ஐந்து. ஒரு ரூபாய் நோட்டை 1994-ல் நிறுத்திவிட்டு, 2015-ல் மறுபடி அடித்தவர்கள் நாம். அதுவும் போக, ஒரு ரூபாய் இல்லாமல் நம்மூரில் எந்தக் காரியம் நடக்கும்? மொய்க் கவரின் மூலையில் ஒட்டியிருக்கிறதே, அந்தக் காசு இல்லாவிட்டால் நூற்றொன்று ஏது, ஐந்நூற்றொன்று ஏது? வேண்டுதலுக்கு மஞ்சள் துணியில் முடிவதும், கடைசியில் நெற்றியில் வைப்பதும் அதே காசுதான்.

ஆனால் காசை மதிக்கிற லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் வருஷக்கணக்கில் வாங்க மறுத்தோம். ரூபாய்க் குறி போட்டது செல்லும், போடாதது செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்டது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிக்கையே விட்டது. அதற்குப் பிறகும் வதந்திதான் ஜெயித்தது. 2023-ல் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து நாணயம் வாங்கிக்கொள்ளும் இயந்திரத்தைப் பன்னிரண்டு நகரங்களில் சோதித்துப் பார்க்கப் போவதாக அதே வங்கி அறிவித்தது. ஒரு பக்கம் காசு இல்லை என்கிறோம், மறுபக்கம் கொடுத்தால் வேண்டாம் என்கிறோம். இடையில் கண்டக்டர்கள் பாடுதான் பாவம். 2021-ல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதில் வேறு யாருக்கு எவ்வளவு லாபமோ, டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுக்கிற வேலை அவர்களுக்குக் குறைந்திருக்கும்.

கடைசியாக வீட்டு விஷயம் ஒன்று. காகித விலை ஏறியிருப்பதால் நம் பத்திரிகையின் விலையை 25-லிருந்து 28 ஆக்கலாமா என்று நிர்வாகத்தில் பேச்சு நடந்தது. முகவர்களிடம் கேட்டோம். மதுரை முகவர் பட்டென்று சொல்லிவிட்டார்: "முப்பதாப் போடுங்க, இல்லாட்டி இருபத்தஞ்சுலயே விடுங்க. இருபத்தெட்டுன்னு போட்டீங்கன்னா அந்த ரெண்டு ரூபாயை நான் எங்கே போய்த் தேடுவேன்?" முப்பதாக்க மனம் வரவில்லை. எனவே 25-லேயே தொடர்கிறோம், பக்கங்களில் நான்கு குறையும். சிறுகதையிலும் ராசிபலனிலும் கை வைக்கமாட்டோம். இந்தப் பக்கம்தான் அடுத்த இதழிலிருந்து சற்று மெலியும். உங்கள் ஊரில் ஐம்பது காசுக்குப் பதிலாக என்ன கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள், இருக்கிற இடத்தில் போட்டுவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்