ஓட்டு வேற... உறவு வேற!

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 42 பேர் இருந்தோம். இப்போது 37 பேர். ஐந்து பேர் வெளியேறியதற்குக் காரணம் சொத்துத் தகராறு இல்லை. கல்யாண வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்ற வருத்தமும் இல்லை. தேர்தல்!

பெரியப்பா ஒரு வீடியோவை ஃபார்வர்டு செய்தார். சித்தப்பா அதற்குப் பதில் போட்டார். ராத்திரி பதினொரு மணிக்குள் 'கொத்தடிமை', 'துரோகி' என்றெல்லாம் வார்த்தைகள் வந்து விழுந்துவிட்டன. விடிந்து பார்த்தால் சித்தப்பா குடும்பமே குரூப்பில் இல்லை. போன மாதம் சித்தப்பாவின் பேத்திக்குக் காதுகுத்து. பெரியப்பாவுக்குப் பத்திரிகை வரவில்லை. அறுபது வருடங்கள் ஒன்றாக இருந்த அண்ணன் தம்பி, தங்களை யாரென்றே தெரியாத தலைவர்களுக்காகப் பிரிந்து நிற்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கலாம்.

'கொஞ்சம் நிதானமாப் பேசலாமே' என்று சொன்னால், உடனே 'மதில்மேல் பூனை' என்று பட்டம் கட்டிவிடுகிறார்கள். நிதானம் என்றால் கொள்கையே இல்லாதது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது உண்மையா?

பெரியாரையும் ராஜாஜியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கடவுள் மறுப்பாளர். இன்னொருவர் ராமாயணமும் மகாபாரதமும் எழுதியவர். ராஜாஜி முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த கட்டாய இந்தியை எதிர்த்து, 1938-ல் பெரியார் சிறைக்குப் போனார். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தை 'குலக்கல்வி' என்று சொல்லிக் கடுமையாக எதிர்த்தார். கொள்கையில் இரண்டு பேரும் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் கடைசிவரை நண்பர்கள். 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி இறந்தபோது, 93 வயதில், தள்ளுவண்டியில் வந்து கண்ணீர்விட்டார் பெரியார். அவரை யாராவது மதில்மேல் பூனை என்று சொல்ல முடியுமா?

அண்ணாவின் கதை இன்னும் முக்கியமானது. 1962-ல் மாநிலங்களவையில் திராவிட நாடு கோரிக்கையை முன்வைத்துப் பேசியவர் அவர். அதே ஆண்டு சீனப் போர் வந்தபோது, நாட்டின் பாதுகாப்பே முதலில் என்றார். அடுத்த ஆண்டு, பிரிவினை கேட்பவர்கள் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் 16-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. தி.மு.க அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது.

கோரிக்கையைத்தான் விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்பதுதான் அண்ணாவின் நிலைப்பாடு. அந்தக் காரணங்களுக்காகத் தேர்தல் வழியாகப் போராடினார். 1967-ல் ஆட்சிக்கு வந்தார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம், இருமொழிக் கொள்கை, 'தமிழ்நாடு' என்ற பெயர் எல்லாம் அதற்குப் பிறகு கிடைத்தவை. பின்வாங்கிவிட்டார் என்று கேலி பேச இடம்கொடுத்த முடிவு அது. ஆனால், நாம் இன்று தினமும் எழுதும் மாநிலத்தின் பெயரே அந்த வழியில் வந்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 1967 தேர்தலில் பெரியார் ஆதரித்தது காமராஜரைத்தான், தி.மு.க-வை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். ஜெயித்ததும் அண்ணா திருச்சிக்குப் போய்ச் சந்தித்தது அதே பெரியாரை!

'எல்லாம் சரி, அநியாயம் நடக்கும்போதும் நடுவில் நிற்கச் சொல்கிறீர்களா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நிற்கக் கூடாது. தீண்டாமையில் பாதித் தீண்டாமை என்று ஒன்று கிடையாது. அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு அதை முழுவதுமாகத்தான் ஒழித்தது. அந்தச் சட்டத்தை வடித்த அம்பேத்கர் சாதி விஷயத்தில் சமரசமே செய்துகொள்ளாதவர். அவர்தான் 1949 நவம்பர் 25-ல் அரசியல் நிர்ணய சபையில், இனி நம் குறிக்கோள்களை அடைய அரசியல் சட்ட வழிகளையே பின்பற்ற வேண்டும் என்று வலியுறுத்தினார். தலைவர்கள்மீது பக்தி வைப்பது சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்றும் அதே உரையில் எச்சரித்தார். குறிக்கோளில் உறுதி, வழியில் நிதானம். இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும்.

சரி, நிதானம் ஏன் அவசியம்? 2021-ல் தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். 2016-ல் ராதாபுரத்தில் வெறும் 49. ஒரு தெருவில் இருக்கும் வாக்குகளைவிடக் குறைவு! அப்படியென்றால் அந்தத் தொகுதியில் குறைந்தபட்சம் ஏறக்குறைய இரண்டில் ஒருவராவது, ஜெயித்தவருக்கு ஓட்டுப் போடாதவர். அவர்கள் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வர வேண்டும். அவர்கள் தெருவிலும் விளக்கு எரிய வேண்டும். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் துரோகி என்றால், நாட்டில் பாதிப் பேர் துரோகிகளா? தோற்றவர் 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று வீட்டுக்குப் போவதும், ஜெயித்தவர் தோற்றவரை வாழவிடுவதும்தான் ஜனநாயகம். அந்த நம்பிக்கை போய்விட்டால் ஓட்டுப்பெட்டி வெறும் பெட்டிதான்.

இதற்குப் பெரிய தியாகம் எதுவும் தேவையில்லை. முடிவை விமர்சிக்கலாம், அதை ஆதரிப்பவரின் பிறப்பை இழுக்க வேண்டாம். நமக்குப் பிடித்த கட்சி செய்த தவறு ஒன்றையாவது வாய்விட்டு ஒப்புக்கொள்ளலாம். எதிரில் இருப்பவரும் தன் பங்குக்கு ஒன்றை ஒப்புக்கொள்வார். அதைவிட முக்கியம், குரூப்பில் சண்டை சூடாகும்போது, 'நேர்ல வாங்க, காபி சாப்பிட்டுக்கிட்டே பேசுவோம்' என்று சொல்லிவிடுவது. முகத்தைப் பார்த்து 'கொத்தடிமை' என்று சொல்ல யாருக்கும் அவ்வளவு எளிதில் நா எழாது.

போன வாரம் பெரியப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார், "பாப்பாவுக்குக் காதுல புண்ணு ஆறிடுச்சாமாடா?"

நான் பதில் சொல்லவில்லை. சித்தப்பா நம்பரைப் போட்டு, போனை அவர் கையில் கொடுத்தேன். ரெண்டு நிமிடம் காதுப் புண்ணைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். கட்சி வரவில்லை. அடுத்த தடவை அதுவும் வரட்டும். அண்ணனும் தம்பியும் நேரில் உட்கார்ந்து பேசினால் சரி.